ஃபைண்ட் -டெலீட்: வருஷக்கணக்கில் புழங்கிய பிறகு

லினக்ஸில் குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷன் கோப்புகளை மட்டும் அழிக்க 'ஆர்எம் *.லாக்' என்ற கட்டளை போதும் என்றுதான் பலரும் தொடங்குவார்கள். அது உள் ஃபோல்டர்களுக்குள் இறங்காது. கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டால் 'ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று கைவிரித்துவிடும். நட்சத்திரத்துக்குப் பின் ஓர் இடைவெளி தவறி விழுந்தால், மறைகோப்புகள் தவிர அந்த ஃபோல்டரின் மற்ற கோப்புகள் எல்லாம் காலி.

கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளை இதைவிட நம்பகமானது. முதலில் இப்படி:

ஃபைண்ட் . -டைப் எஃப் -நேம் '*.டிஎம்பி' -பிரிண்ட்

-டைப் எஃப் என்றால் ஃபோல்டர்கள் இல்லாமல் கோப்புகள் மட்டும். வரும் பட்டியல் சரி என்றால் மேல் அம்புக்குறியை அழுத்தி, கடைசிச் சொல்லை மட்டும் -டெலீட் என்று மாற்றுங்கள். அது கடைசியில்தான் இருக்க வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். -டெலீட் முன்னால் நின்றால் பெயரைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும், ஒரு வார்த்தை கேட்காமல்.

இரண்டு வகைகளைச் சேர்த்து அழிக்கும்போதுதான் அதிகம் சறுக்குகிறது. -நேம் '*.டிஎம்பி' -ஓ -நேம் '*.பேக்' -டெலீட் என்றால் இரண்டாவது வகை மட்டுமே அழியும். -ஓ என்பது 'அல்லது'; அதைவிட -டெலீட்டுக்கும் அதற்கு முன்னால் நிற்கும் -நேம் சோதனைக்கும் உள்ள பிணைப்பு இறுக்கமானது. இரண்டு -நேம்களையும் \( \) அடைப்புக்குள் வையுங்கள், அடைப்பின் உட்பக்கம் இடைவெளி விட்டு.

மேற்கோள் குறிகளை விட்டால் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல்லே நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். இருக்கும் ஃபோல்டரில் பொருந்தும் கோப்பு ஒன்றே ஒன்று இருந்தால் அந்தப் பெயரை மட்டும் தேடும். பிழைச்செய்தி எதுவும் வராது. மோசமான வகை இது.

கேமரா படங்கள் பெரிய எழுத்து எக்ஸ்டென்ஷனோடு வரும், அதற்குப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத -ஐநேம். -எம்டைம் +30 என்றால் முழு நாள்கள்தான் கணக்கு. கடைசியாக மாற்றி 31 நாள் முடிந்தவைதான் சிக்கும். ஒரு ஃபோல்டரை விலக்க -ப்ரூன் போட்டு -டெலீட்டோடு சேர்க்காதீர்கள். -டெலீட் வந்தாலே உள்ளிருந்து வெளியே வரும் வரிசை தானாக அமலாகும், அந்த வரிசையில் -ப்ரூன் செல்லாது. விலக்க வேண்டியதை '-நாட் -பாத்' கொண்டு விலக்கலாம்.

லாக் கோப்புகளில் இன்னொரு சிக்கல். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் போகும், டிஸ்க் இடம் திரும்பாது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' அப்படிப்பட்டவற்றைக் காட்டும். புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் இடம் கிடைத்துவிடும்; நிறுத்த முடியாத இடத்தில், அழிக்கும் முன்பே 'ட்ரங்கேட் -எஸ் 0' கொண்டு காலி செய்வதே மேல்.