பால் நிலையமா, வீடு தேடி வரும் மருத்துவரா?

பச்சிளங்குழந்தைகளின் சாவைக் குறைக்க இங்கிலாந்தின் இரு நகராட்சிகள் இருவேறு வழிகளில் போயின. செயின்ட் ஹெலன்ஸ் 1899இல் கிருமி நீக்கிய பாலைப் புட்டியில் விற்கும் நிலையத்தைத் திறந்தது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. கோடை வயிற்றுப்போக்குக்கு நேரடித் தடுப்பு. ஆனால் காசோடு தேடி வருபவருக்கு மட்டும்.

ஹடர்ஸ்ஃபீல்டு தானே தேடிப் போனது. லாங்வுட் பகுதியில் தம் பதவிக்காலத்தில் பிறந்து ஓராண்டு பிழைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பவுண்டு தருவதாக அறிவித்தார் மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட். 1906இல் தனிச் சட்டமே வந்தது: பிறப்பை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பின்னர் பெண் மருத்துவர் வீட்டுக்கே வந்து, தாய்ப்பாலே கொடுக்கச் சொல்வார். (அடுப்படிவரை எட்டிப்பார்க்கும் விருந்தாளியை எல்லாத் தாய்மாரும் விரும்பியிருப்பார்களா என்ன?)

என் வாக்கு ஹடர்ஸ்ஃபீல்டுக்கே. பிற ஊர்களும் விரும்பினால் பின்பற்ற 1907இல் நாடாளுமன்றம் வழிசெய்தது. 1915இல் பிறப்பு அறிவிப்பைக் கட்டாயமாக்கியது.