8 ஜிபியா, 16 ஜிபியா? நடுத்தர விலை கிராபிக்ஸ் கார்டுகள் ஓர் ஒப்பீடு

போன வாரம் அக்கா மகனோடு மும்பை லேமிங்டன் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். செம்பூரில் அவன் வைத்திருக்கும் கணினியில் ரைசன் 5 3600 ப்ராசசர், பி450 மதர்போர்டு. கார்டை மட்டும் மாற்ற வேண்டும். ஒரு கடையில் என்விடியாவின் 5060 டிஐ கார்டை 16 ஜிபி மெமரியோடு கேட்டோம். 8 ஜிபியை எடுத்து வைத்து, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று இந்தியில் சொன்னார்கள். பெட்டியில் அதே படம், அதே எழுத்து. மூலையில் இருக்கும் எண் மட்டும்தான் வேறு.

சிப் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் கேமுக்கு 8 ஜிபி பற்றாமல் போனால், மிச்சத்தை கார்டு கணினியின் ரேமிலிருந்து இழுக்க வேண்டும். 5060 டிஐயில் அதற்கு எட்டு லேன்கள்தான், அதாவது தரவு போய்வரும் எட்டுத் தடங்கள். பி450 போர்டில் கார்டைச் செருகும் இணைப்பு பழைய பிசிஐஇ 3.0, நொடிக்கு 8 ஜிபிகூட முழுதாக வராது. கார்டின் சொந்த மெமரியோ நொடிக்கு 448 ஜிபி தருவது! ஆடும்போது இது பளிச்சென்று தெரியும். சட்டென்று திரும்பினால் படம் திக்கி நிற்கும். செங்கல் சுவரின் பக்கத்தில் போய் நின்றாலும் செங்கல் தெரியாது, சேறு பூசியது போல மழுங்கியே இருக்கும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். 5060 டிஐ, அதற்குப் போட்டியான ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி இரண்டிலுமே 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் அறிமுக விலையில் வித்தியாசம் 50 டாலர். அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சரி, 16 ஜிபியில் எது? ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 2025 ஏப்ரலில் 429 டாலருக்கு வந்தது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அதே ஆண்டு ஜூனில் 349 டாலருக்கு. வித்தியாசம் 80 டாலர், நம் கணக்கில் சுமார் 7,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி தனி. சாதாரண கேம்களில் 5060 டிஐ கொஞ்சம்தான் முந்தும். ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங் போட்டால் இடைவெளி கூடும். குறைந்த தெளிவில் வரைந்த படத்தை ஏஐ கொண்டு கூர்மையாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடைக்கும் கேம்களும் அதிகம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங் செய்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், என்விடியாதான். ஆனால் விளையாட மட்டும் என்றால் 9060 எக்ஸ்டிக்குத்தான் என் ஓட்டு. அது 16 லேன்களையும் பயன்படுத்துவதால் பழைய போர்டிலும் அவ்வளவாக அடி வாங்காது. மின்சாரமும் 160 வாட்தான். 5060 டிஐக்கு 180. டிஎல்எஸ்எஸ் செய்யும் அதே வேலைக்கு ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 வந்த பிறகு படத்தின் தரத்திலும் முந்தைய தலைமுறை ஏஎம்டி கார்டுகளில் இருந்த குறை பெருமளவு தீர்ந்துவிட்டது.

இன்டெல் ஆர்க் பி580 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபியோடு வந்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். அந்த விலைக்கு அவ்வளவு மெமரியை வேறு யாரும் தரவில்லை. ஆனால் அதன் டிரைவர் ப்ராசசரை அதிகம் வேலை வாங்கும். ரைசன் 3600 போன்ற பழைய ப்ராசசரில் கார்டின் முழு வேகம் வெளியே வராது. கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் வசதியையும் பயாஸ் அமைப்பில் இயக்கியாக வேண்டும். புதிதாக மொத்தக் கணினியும் கட்டுகிறவர்களுக்குச் சரி. அக்கா மகனுக்குச் சரிப்படாது. 299 டாலருக்கு அறிமுகமான ஆர்டிஎக்ஸ் 5060-இல் 8 ஜிபி மட்டும்தான் உண்டு. 1080பியில் போட்டி கேம்கள் மட்டும் ஆடுகிறவர்களுக்கு அது போதும்.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் கார்டின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

நாங்கள் வேறு கடையில் 9060 எக்ஸ்டி 16 ஜிபி வாங்கினோம். அன்று ராத்திரி அதே சுவரின் முன்னால் போய் நின்று, "மாமா, செங்கல் செங்கலா தெரியுது" என்று போன் போட்டான்.