பள்ளிக்கூட அப்பீலுக்கு ஆள் பிடிக்கமுன் ஒருமுறை யோசியுங்கள்

ஏப்ரல் 16ஆம் திகதி, இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊர்க் கவுன்சிலிடமிருந்து (உள்ளூராட்சி சபை) மின்னஞ்சல் வந்தது. சின்னவனுக்கு ரிசெப்ஷன் (பள்ளியின் முதல் வருட) வகுப்புக்கு நாங்கள் முதலாவதாகப் போட்ட பள்ளிக்கூடம் இல்லை. படிவத்தில் எழுதவே எழுதாத, பஸ் மாறிப் போகவேண்டிய ஒன்றைத் தந்திருந்தார்கள்.

கோயிலில் பழக்கமான ஒருவர் நம்பர் தந்தார். பள்ளி அப்பீல், அதாவது இடம் தர மறுத்ததை எதிர்த்து மேன்முறையீடு, செய்து கொடுக்கும் தமிழ் ஆளாம், பத்துக்கு ஒன்பது வெல்வாராம். போன் எடுத்ததும் அவர் சொன்னது, "அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." நானும் யோசிக்கவில்லை.

முதலில் 250 பவுண், விசாரணைக்கு முதல் நாள் 200. இங்கிலாந்தில் அப்பீல் செய்யப் பெற்றோர் ஒரு பென்ஸ்கூடக் கட்டத் தேவையில்லை. படிவத்தை நாமே நிரப்பலாம், பானலுக்கு (அப்பீலை விசாரிக்கும் குழுவுக்கு) முன் நாமே கதைக்கலாம். அது எனக்கு அப்போதே தெரியும். என் ஆங்கிலத்தை நினைத்து வெட்கப்பட்டதுக்குத்தான் அந்த 450.

காசைக்கூட விடலாம். அவர் தந்த இரண்டு புத்திமதிகளைத்தான் மறக்க முடியவில்லை. ஒன்று, கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஏற்றுக்கொண்டால், உங்களுக்கு மற்றப் பள்ளி அவ்வளவு தேவையில்லை என்று பானல் நினைக்குமாம். சுத்தப் பொய். கிடைத்ததை ஏற்றுக்கொண்டே அப்பீலும் செய்யலாம், காத்திருப்புப் பட்டியலிலும் இருக்கலாம். நாங்கள் வேண்டாம் என்று எழுதினோம். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது.

மற்றது அந்தக் காத்திருப்புப் பட்டியல். அப்பீல் முடியும்வரை அதில் பெயர் கொடுக்காதீர்கள், கேஸ் பலவீனமாகும் என்றார். எங்கள் கவுன்சிலில் நாமாகக் கேட்டால்தான் சேர்ப்பார்கள். ஜூனில் நாங்கள் முதலாவதாகப் போட்ட பள்ளியில் ஓர் இடம் காலியானது. அது எங்களைவிட ஒரு வீதி தள்ளியிருக்கும் பிள்ளைக்குக் கிடைத்தது. பட்டியலில் வரிசை யார் முதலில் பெயர் கொடுத்தது என்பதைப் பார்த்து இல்லை, தூரம், சகோதரர் மாதிரியான அனுமதி விதிகளைப் பார்த்துத்தான். பெயர் கொடுத்திருந்தால் நாங்கள் அந்தப் பிள்ளைக்கு மேலே இருந்திருப்போம்.

சரி, கடிதத்துக்கு வருவோம். நாலு பக்கம். என் இரவு வேலை, அம்மம்மாவின் சீனி வருத்தம், அந்தப் பள்ளியின் ஒஃப்ஸ்டெட் (பள்ளிகளைப் பரிசோதிக்கும் அரச அமைப்பு) பெருமை எல்லாம் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் "எங்கள் மகள்" என்று வேறு இருந்தது. எங்களுக்கு மகளே இல்லை. காட்டினேன், "டைப்பிங் மிஸ்டேக் அண்ணை" என்றார்.

கடிதத்தில் இல்லாமல் போனதுதான் முக்கியமானது. ரிசெப்ஷன், முதலாம், இரண்டாம் வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விதி இருக்கிறது. விதிவிலக்குகள் மிகச் சில. அந்த வரம்பைக் காட்டி மறுத்திருந்தால் பானலின் கை கட்டிய மாதிரித்தான். இன்னொரு பிள்ளையை எடுத்தாலும் வரம்பு மீறாது என்று காட்டவேண்டும். இல்லையென்றால் அனுமதி விதிகள் சட்டத்துக்கு மாறானவை, அல்லது தூரத்தைப் பிழையாக அளந்த மாதிரி விதியைச் சரியாகப் பின்பற்றவில்லை, அதனால்தான் இடம் போனது என்று காட்டவேண்டும். அதுவும் இல்லையென்றால் நியாயமான எவரும் எடுக்காத முடிவு என்று நிறுவவேண்டும், அது லேசில் நடக்காது. அம்மம்மாவின் சீனி இதில் எதற்குள்ளும் வராது.

விசாரணை வீடியோவில் நடந்தது. பானலில் மூன்று பேர், பக்கத்தில் கிளார்க். கூட வருகிறேன் என்றவருக்கு அன்று இன்டர்நெட் வேலை செய்யவில்லையாம். பள்ளி சார்பாக வந்தவர் இரண்டு வகுப்பு, 60 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டார். தலைவியாக இருந்த அம்மா நல்லவர். "உங்கள் விண்ணப்பத்தைக் கையாண்டதில் ஏதாவது பிழை நடந்ததா?" என்று வேறு வேறு சொற்களில் மூன்று தரம் கேட்டார். கடிதத்தைப் புரட்டினேன், ஒன்றும் இல்லை. இல்லை என்றேன். அந்த அரைகுறை ஆங்கிலத்திலேயே அவர்களுக்கு எல்லாம் விளங்கியது என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

அந்தக் கிழமையே மறுப்புக் கடிதம் வந்தது. "வெல்லாவிட்டால் காசு திரும்ப" என்றவரிடம் கேட்டேன். அது கடிதம் எழுதிய கூலி, திரும்பாது என்றார். பிறகு போனே எடுப்பதில்லை. ரசீது கேட்டு வாங்காதது என் பிழை.

இப்படி யாரிடமாவது போவதென்றால் காசு கொடுக்கமுன் ஒன்றைக் கேளுங்கள்: இது இன்ஃபன்ட் கிளாஸ் சைஸ் அப்பீலா (அந்த 30 பிள்ளை வரம்பைக் காட்டி மறுத்ததா), ஆமென்றால் எங்களிடம் என்ன காரணம் இருக்கிறது? நேரே பதில் வராவிட்டால் போனை வையுங்கள். அப்பீல் விதிகளின் முழுக் கோவையும் அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. 2022இல் புதுப்பித்தது, அவ்வளவு பெரிதில்லை. நான் அதை வாசித்தது எல்லாம் முடிந்த பிறகு, ஓகஸ்டில்.

செப்டம்பரில் மற்றப் பிள்ளைகள் போக, சின்னவன் இரண்டு கிழமை வீட்டில் இருந்தான். இப்போது போகும் பள்ளி முதலில் தந்ததைவிடத் தூரம். முதலாவதாகப் போட்ட பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டோம். குறைந்தது டிசம்பர் 31 வரை அதை வைத்திருக்கவேண்டும் என்பது விதி. நேற்றுக் கவுன்சிலுக்குப் போன் எடுத்துக் கேட்டேன், நானேதான் கதைத்தேன். இரண்டாவதாக நிற்கிறானாம்.