பல்பை விடுங்க, எர்த்தைப் பாருங்க: உப்புக்காற்றில் ஆறு வருட ஹெட்லைட் அனுபவம்

வீடு மண்டபம், வேலை ராமநாதபுரத்தில். போக 35 கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு, திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். 2019-ல் பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். இஞ்சின், கியர் எல்லாம் இன்றுவரை குறை சொல்ல முடியாது, ஆனால் ஹெட்லைட்டும், பகலிலும் எரியும் முன்பக்க விளக்கான டிஆர்எல்லும் என்னைப் படுத்தியபாடு கொஞ்சமில்லை.

முதல் இரண்டு வருடத்தில் வலது பக்க பல்பை மட்டும் மூன்று தடவை மாற்றினேன். மாற்றியதும் பளிச்சென்று எரியும், ஒரு மாதம் போனால் மறுபடி மஞ்சளாக மங்கிவிடும். பல்புதான் மட்டம் என்று நினைத்துக்கொண்டு, கடைக்காரர் பேச்சைக் கேட்டு 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55) இருந்த இடத்தில் 100/90 வாட் போட்டேன். அது நான் செய்த பெரிய மடத்தனம். 55 வாட்டுக்கு ஒயரில் ஐந்து ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும், 90 வாட் என்றால் ஏழரை. ஏற்கனவே களிம்பு பிடித்த ஹோல்டர் அந்தச் சூட்டைத் தாங்குமா? ஒரு நாள் உச்சிப்புளி தாண்டும்போது பிளாஸ்டிக் கருகிய வாடை, பானட்டைத் திறந்தால் ஹோல்டர் பழுப்பாகி ஒரு பக்கம் உருகிக் கிடக்கிறது.

விடை கிடைத்தது கார் மெக்கானிக்கிடம் இல்லை. மச்சானுக்குப் பாம்பனில் தெரிந்த ஒருவர், விசைப்படகுக்கு ஒயரிங் பார்க்கிறவர். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் லைட்டை மட்டும் போடச் சொன்னார், டிம்மில். நான் இத்தனை நாள் கவனிக்காத ஒன்றைக் காட்டினார்: டிம்தான் எரிகிறது, ஆனால் டேஷ்போர்டில் பிரைட்டுக்கான (ஹை பீம்) நீல விளக்கும் லேசாக மினுங்குகிறது. "தம்பி, இனிமே பல்ப மாத்தாதீக, எர்த்து போயிருச்சு" என்றார், பானட்டைத் தொடும் முன்னாலேயே.

எர்த் என்பது பல்புக்குப் போன மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. என் காரில் இருப்பது எச்4, ஒரே பல்பில் இரண்டு இழை; டிம், பிரைட் இரண்டு இழைக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் சரியாக இல்லையென்றால் டிம்முக்கு வரும் மின்சாரம் வேறு வழி தேடி, பிரைட் இழை வழியாகப் பின்னால் ஏறி, அடுத்த பக்கத்து பல்பு மூலமாக இறங்கப் பார்க்கும். அதனால்தான் இரண்டு இழையும் அரைகுறையாக எரிகிறது, நீல விளக்கும் மினுங்குகிறது.

அப்புறம் மீட்டரை எடுத்தார். பல்பின் பின்னால் மாட்டும் ஒயர் பிளக்கை, அதாவது கப்ளரைக் கழற்றி வைத்து அளந்தால் 12.5 வோல்ட், ஒரு குறையும் இல்லை. இங்கேதான் நானும் முன்பு ஏமாந்திருந்தேன். பல்பை மாட்டி எரியவிட்டு, கப்ளரின் பின்பக்கமாக முள்ளைச் செருகி அளந்தால் 8.6தான். மீட்டரின் ஒரு முனையை பல்பின் எர்த்திலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார்: 3.4 வோல்ட். அங்கே 0.2-க்கு மேல் இருக்கவே கூடாது. லோடு இல்லாமல் அளந்தால் அறுந்துபோகிற ஒயர்கூட நல்ல ஒயர் மாதிரி நடிக்கும்.

எர்த் போல்ட் டூமுக்கு (ஹெட்லைட் கூடு) பின்னால், பாடியோடு முறுக்கியிருந்தது. கழற்றினால் ஒயர் முனையில் இருக்கும் செம்பு லக்கில் பச்சைக் களிம்பு, போல்ட்டைச் சுற்றித் துரு. லக்கை வெட்டிப் புதுசு போட்டு, பாடியை உப்புத்தாளால் வெள்ளை தெரியத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினார். உருகிய ஹோல்டரையும் மாற்றி, பழைய 60/55 பல்பையே போட்டோம். மறுபடி அளந்தால் 0.1. வேலை முக்கால் மணி நேரம், செலவு ஒரு பல்பு விலைகூட இல்லை. முன்பெல்லாம் பல்பு மாற்றியதும் எரிந்ததற்குக் காரணமும் புரிந்தது: கப்ளரைக் கழற்றி மாட்டும்போது களிம்பு கொஞ்சம் சுரண்டப்பட்டு, எர்த் ஒயரும் ஆட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. நிறைய கார்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ். அதனால் இரண்டு லைட்டும் ஒரே நேரத்தில் போனால் பல்பைச் சந்தேகப்படாமல் ரிலே (லைட்டுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி), ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் என்று பாருங்கள். ஒரே நம்பர் உள்ள ஹாரன் ரிலேயை மாற்றிச் செருகிப் பார்த்தால் ரிலே விஷயம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டிஆர்எல் கதை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்விட்டு வந்த மறுநாள் இரண்டு பக்கமும் எரியவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. என் வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இறக்கினால்தான் டிஆர்எல் எரியும். கவனித்தால், இறக்கிய பிறகும் டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு அணையவில்லை. பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான் வரும், அதனால் முதலில் ஆயிலைப் பார்த்தேன், சரியாக இருந்தது. லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சில் தனுஷ்கோடி மணல்! பிரஷ்ஷால் தட்டியதும் உயிர் வந்தது. ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல் மங்குவதோ அணைவதோ ரிப்பேர் இல்லை, அது அப்படித்தான். மாலை மங்கும் நேரத்தில் டிஆர்எல் வெளிச்சத்தை நம்பி ஹெட்லைட் போடாமல் ஓட்டுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம், நிறைய கார்களில் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் எரியாது.

இப்போது வருடத்துக்கு இரண்டு முறை, ஐப்பசி மழைக்கு முன்னும் தை பிறந்த பிறகும், எல்லா எர்த்தையும் கழற்றித் துடைக்கிறேன். இங்கே போர் தண்ணீரும் உப்பு, அதில் பானட்டைத் திறந்து கழுவுவது வெந்த புண்ணில் வேல்தான். அதனால் ஈரத்துணியோடு சரி. நான்கு வருடத்தில் ஒரு பல்புதான் போயிருக்கிறது, அதுவும் ஆயுள் முடிந்து.

இடது டிஆர்எல் மட்டும் போன அடைமழையில் டூமுக்குள் நீர் கோத்து இரண்டு புள்ளி அணைந்துவிட்டது. தனியாகக் கிடைக்காது, முழு டூம்தான் வாங்க வேண்டுமாம். காய வைத்து, விளிம்பில் சீலன்ட் அடித்து விட்டிருக்கிறேன், மிச்சப் புள்ளிகள் எரிகின்றன.