சிலம்பமா, சிலாட்டா?

பிள்ளைக்கு ஏழெட்டு வயதானதும் சிங்கப்பூரில் நம்மவர் வீடுகளில் எழும் கேள்வி இது. இரண்டும் அருமையான தற்காப்புக் கலைகள். பிள்ளையிடம் கேட்கும் உழைப்புதான் வேறு.

பிறப்பு: சிலம்பம் தமிழ்நாட்டுக் கம்பு விளையாட்டு. சிலாட் மலாய் உலகத்துக் கலை; 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

செலவு: சிலம்பத்துக்கு ஒரு கம்பு போதும். பிள்ளை நிமிர்ந்து நின்றால் கம்பின் நுனி நெற்றியைத் தொட வேண்டும். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியிருக்கும். சிலாட்டுக்குக் கறுப்புச் சீருடை, போட்டிக்குப் போனால் நெஞ்சுக் கவசமும் சேரும்.

இடம்: சிங்கப்பூரில் சிலம்பத்துக்கு இதுதான் பெரும் சிரமம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சுழற்றினால் கம்பு விளக்கில் படும், தூணில் இடிக்கும். திறந்தவெளி தேவை, மழை வந்தால் வகுப்பு போச்சு. சிலாட்டுக்கு மெத்தை விரித்த அறை போதும்.

அடி: புதிதாகச் சிலம்பம் பழகுபவர் கம்பை இறுக்கிப் பிடிப்பார். மணிக்கட்டு திரும்பாது, கம்பு சொந்த முழங்காலிலேயே இறங்கும். பிடியைத் தளர்த்தி, காலடி வைப்பு படிந்த பிறகே வேகம் கூட்ட வேண்டும். சிலாட்டில் காலை வாரி வீழ்த்துவார்கள். விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். தாடையை நெஞ்சோடு ஒட்டி, பக்கவாட்டில் விழப் பழகாத பிள்ளையை மோத விடவே கூடாது.

போட்டி: சிலாட் 1987 முதல் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் உண்டு. சிங்கப்பூரிலிருந்து உலக வெற்றியாளர்களும் வந்திருக்கிறார்கள்.

நேருக்கு நேர் மோதவும் பதக்கம் வெல்லவும் துடிக்கும் பிள்ளைக்குச் சிலாட். தனியாக, தாளத்தோடு பழக விரும்பும் பிள்ளைக்குச் சிலம்பம். அப்பா அம்மாவும் கூடவே கம்பெடுக்கலாம்.