வெள்ளைத் தங்கத்துக்குப் பக்கத்தில் அம்மாச்சியின் கம்மல்

மே மாதம் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் மார்த்தாண்டம் பக்கம், களியக்காவிளைக்கு இப்புறம். பிரிட்டனில், லீட்ஸில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். போன டிசம்பரில் நிச்சயம் முடிந்தது, கல்யாணம் வரும் ஜனவரியில். மண்டபம், பந்தல், சாப்பாடு எல்லாம் அப்பா பொறுப்பு. என் பொறுப்பு ஒன்றே ஒன்று, கல்யாண மோதிரம். இரண்டு நாள் வேலை என்று நினைத்துப் போனேன். இரண்டு வாரம் ஆனது.

நிச்சய மோதிரம் பர்மிங்காமில் வாங்கியது. 18 காரட் வெள்ளைத் தங்கம், அரை காரட் வட்ட வைரம். வளையத்தின் அகலம் 2 மில்லிமீட்டர், வைரத்தின் குறுக்களவு 5 மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு கூடுதல். அதாவது கல் இருபுறமும் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. துணியில் மாட்டக்கூடாது என்பதற்காகக் கல் தாழ்வாகப் பதித்ததையே தேடி வாங்கினோம். அப்படித் தாழ்ந்திருப்பதால் பக்கத்தில் இன்னொரு வளையம் ஒட்டி உட்காராது, கல்லைப் பிடித்திருக்கும் கூட்டில் போய் முட்டும். வாங்கும்போது எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. ஒரு மோதிரத்தைத்தான் பார்த்தோம், அதன் பக்கத்தில் வரப்போவதைப் பார்க்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது. கல் இல்லாத ஒற்றை வளையத்துக்கு மட்டும் அனுமதி. ஆக, வாரத்தில் நாலைந்து நாள் கல்யாண வளையம் என் விரலில் தனியாக இருக்கும். விடுமுறை நாளில்தான் நிச்சய மோதிரத்தோடு சேரும். இரண்டு நிலையிலும் அது நன்றாக இருக்க வேண்டும்.

முதலில் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடைக்குச் சித்தியோடு போனேன். ஏசி, ஜூஸ், உட்கார நல்ல சோபா, உபசரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் கழற்றிக் கொடுத்த மோதிரத்தை அந்தப் பையன் ஒரு தடவை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டான். ஜோடி மோதிரத் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் 22 காரட், எல்லாம் எடைக் கணக்கு. "இதோடு இது ஒட்டி உட்காருமா?" என்று மூன்று முறை கேட்டேன். "ஷேப் எல்லாம் செட் ஆகும் மேடம்" என்பதுதான் பதில். சேதாரம் 14 சதவீதம். பையில் அம்மாச்சியின் ஒற்றைக் கம்மல் இருந்தது. இதை உருக்கி மோதிரமாகச் செய்ய முடியுமா என்று கேட்டேன். அந்த நாளின் விலைக்கு எடுத்துக்கொண்டு வேறு தங்கத்தில் தருவோம், இதே தங்கத்தில் முடியாது என்றார்கள். அது அவர்கள் முறை, புரிகிறது. எனக்கு வேண்டியது அந்தத் தங்கம்தான். ஜோடிக் கம்மலில் மற்றது எப்போதோ தொலைந்துபோனது. மிஞ்சியதை அம்மாச்சி சாகும்வரை சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார்.

வெளியே வந்ததும் சித்தி சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். கிழக்கேக்கோட்டை பக்கம் இருக்கிற பழைய சந்தை. தமிழ் பேசுகிற வியாபாரிகளும் ஆசாரிமாரும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம். ஒரு சந்துக்குள் மாடிப்படி ஏறினால் பட்டறை. அங்கே இருந்த ஆசாரிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் பக்கத்துப் பேச்சு. "அண்ணாச்சி, கல்யாண மோதிரம் செய்யணும்" என்றேன். அவர் முதலில் கேட்டது பட்ஜெட் இல்லை. "என்ன வேலை பாக்குற மக்களே?"

சொன்னேன். கையுறை போடுகிறது, நாளைக்கு எத்தனையோ தடவை கை கழுவுகிறது, எல்லாம் சொன்னேன். மோதிரத்தை வாங்கி லென்ஸில் பார்த்தார், வெர்னியர் அளவுகோலில் அளந்தார், கூட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இந்தப் பயணத்தில் பெற்ற சேவையிலேயே உயர்ந்தது அந்தக் கால் மணி நேரம் என்பேன்.

பிறகு விளக்கினார். 22 காரட் மிருதுவானது, 18 காரட் வெள்ளைத் தங்கம் அதைவிடக் கடினம். இரண்டும் ஒரே விரலில் நாள் முழுக்க உரசினால் மிருதுவானது தேயும். அதனால் கம்மலை 18 காரட்டுக்கு இறக்கிச் செய்ய வேண்டும். சித்திக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் 22-க்குக் கீழே போனால் அது தங்கக் கணக்கில் வராது. "கவரிங் மாதிரி ஆயிருமே" என்றாள். அவர் பொறுமையாக, கம்மலில் இருக்கிற தங்கம் எங்கேயும் போகாது, கூட வெள்ளியும் செம்பும் சேர்கிறது, அவ்வளவுதான் என்றார்.

கம்மலைப் பக்கத்துச் சோதனை நிலையத்தில் மெஷினில் வைத்துப் பார்த்தோம். 3 கிராம் எடை, 88 டச், அதாவது நூற்றுக்கு 88 பங்கு சுத்தத் தங்கம். பழைய நகைகளில் பற்றவைப்பு அதிகம் இருந்தால் 22 காரட்டுக்கு உரிய 91.6 வராது என்பதை அவர் முன்பே சொல்லியிருந்தார். கணக்கு இப்படி: சுத்தத் தங்கம் 2.64 கிராம். அதை 75 டச்சுக்கு, அதாவது 18 காரட்டுக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 3.52 கிராம் ஆகும். சேர்க்க வேண்டியது அரை கிராமுக்குச் சற்று மேல். செம்பு கூடினால் சிவப்பு தட்டும், வெள்ளி கூடினால் வெளிறும். சரிபாதி போடலாம் என்றார்.

நிறத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் இருந்தது. வெள்ளை மோதிரத்துக்கு வெள்ளை வளையம்தானே பொருத்தம்? அவர் சொன்ன காரணம் என்னை மாற்றியது. வெள்ளைத் தங்கத்தின் பளிச்சென்ற வெண்மை மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தால் வருவது. ஒன்றிரண்டு வருஷத்தில் அது தேயும், அதுவும் இரண்டு வளையம் உரசுகிற இடத்தில் முதலில் தேயும். வேறு வேறு இடத்தில் செய்த இரண்டு வெள்ளை மோதிரங்களில் ஒன்று மங்கி ஒன்று மின்னினால் ஜோடி கெட்டுப்போனது போலத் தெரியும். மஞ்சளும் வெள்ளையும் என்றால் அந்தப் பிரச்சினை கிடையாது. ஆனால் அகலமும் கனமும் ஒன்றாக இருக்க வேண்டும், வளையத்தின் மேல் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும், அப்போதுதான் வேண்டுமென்றே மாற்றி வைத்தது தெரியும் என்றார். இரண்டையும் பற்றவைத்து ஒன்றாக்கிவிடலாமா என்று சித்தி கேட்டாள். சிலர் அப்படிச் செய்கிறார்கள்தான். வேலைக்குத் தனியாகப் போட வேண்டிய எனக்கு அது உதவாது. ரோடியம் மறுபடி பூசும்போது மஞ்சளை மறைத்துப் பூசுவதும் தொல்லை.

அளவு எடுத்தது தனிக் கதை. வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கிய கை, வீங்கியிருந்தது. அன்றைக்கு அளக்க மாட்டேன் என்றுவிட்டார். பிரிட்டனில் எழுத்து அளவு, இந்தியாவில் எண் அளவு, அதையெல்லாம் மாற்றிப் பார்க்காமல் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்வதே நல்லது. என் நிச்சய மோதிரம் 16.5. இரண்டு வளையம் சேர்ந்தால் ஒரே அகல வளையம் போல விரலை இறுக்கும், அதனால் புதியது ஒரு நூல் தளர்வாக இருக்கட்டும் என்றார். ஆனால் லீட்ஸ் குளிரில் விரல் சுருங்கும், தனியாகப் போடும் நாளில் கழன்று விழும். இரண்டுக்கும் நடுவில் 16.6 என்று முடிவு செய்தோம்.

தங்கத்தைத் தொடும் முன் பித்தளையில் இரண்டு மாதிரி செய்து கொடுத்தார். ஒன்று நேர் வளையம், ஒன்று கல்லைச் சுற்றி வளைந்து போவது. ஒன்றும் வாங்கவில்லை, அட்வான்ஸ்கூட. "நாலு நாள் போட்டுட்டு வா." வளைந்தது நிச்சய மோதிரத்தோடு அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. தனியாகப் போட்டால், விரலில் ஏதோ அமுங்கிக் கோணிப்போனது போல இருந்தது. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் கண் அங்கேயே போனது. நேர் வளையம் தனியாக அழகு, சேர்த்துப் போட்டால் நடுவில் அரிசி நுழைகிற இடைவெளி.

கல்லின் கூட்டை உயர்த்தினால் நேர் வளையம் அடியில் நுழையும். அதைச் செய்யச் சொன்னேன். மறுத்துவிட்டார். வேறொருவர் பதித்த வைரத்துக்குத் தான் சூடு காட்ட மாட்டேன், வாங்கிய இடத்தில்தான் செய்ய வேண்டும் என்றார். அதற்குப் பதிலாகப் பித்தளை வளையத்தின் ஒரு ஓரத்தை மட்டும் அரத்தால் சாய்வாக ராவினார். வெளியே பார்த்தால் தெரியாது. அந்தச் சாய்வில் கூட்டின் அடி வந்து உட்கார்ந்தது. இடைவெளி தலைமுடி அளவுக்கு வந்துவிட்டது. தனியாகப் போட்டாலும் நேர் வளையம்தான். என் கண்முன்னே நடந்தது இது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்பது நாளில் வளையம் தயார். 2.7 கிராம். மறுபடி மெஷினில் பார்த்தோம், 75 சரியாக இருந்தது. மீதித் தங்கத்தையும் ராவிய தூளையும் காகிதத்தில் மடித்து எடை போட்டுக் கொடுத்தார். கூலி 3,500 ரூபாய். உட்பக்கத்தில் கல்யாணத் தேதி மட்டும் வெட்டியிருக்கிறார். பெயர் வேண்டும் என்று கேட்டேன். இரண்டு மில்லிமீட்டரில் தமிழ் எழுத்தின் சுழிகள் அடைந்துபோகும், எண் மட்டும் நிற்கும் என்றார்.

கடையில் ரெடிமேடாக வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரை, தரம், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யுஐடி மூன்றும் இருக்க வேண்டும். 18 காரட்டுக்கு 750 என்று இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் 2 கிராமுக்குக் கீழான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, மெல்லிய வளையங்கள் பல இதில் அடங்கும். அப்போது தரம், மொத்த எடை, கல் எடை, செய்கூலி நான்கையும் பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கூடவே நிச்சய மோதிரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டோ போதாது. கூட்டின் உயரம் போட்டோவில் தெரியாது.

புறப்படும் முந்தின நாள் நன்றி சொல்லப் போனேன். நிச்சய மோதிரத்தை இன்னொரு தடவை லென்ஸில் பார்த்துவிட்டு, கல்லைப் பிடிக்கிற ஒரு கொக்கி லேசாகத் தளர்ந்திருக்கிறது, அங்கே போனதும் கடையில் காட்டி இறுக்கிக்கொள் என்றார். லீட்ஸ் வந்த முதல் சனிக்கிழமை பர்மிங்காம் போய்ச் செய்துவிட்டேன். வளையம் அம்மாவின் பீரோவில் இருக்கிறது, கம்மலின் மீதித் தங்கமும் அதே காகிதத்தில்.