ஐம்பது பெண்கள், ஒரே முடிவு

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண் நேற்று கேட்டாள்: "அக்கா, உங்க வீட்ல அந்தச் சாதனைப் பெண்கள் புத்தகம் இருக்குல்ல? பாதி விலைக்குப் போட்டிருக்கான். பாப்பாவுக்கு வாங்கட்டுமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது. இப்போது ஆறாம் வகுப்பு. இத்தனை நாள் புழங்கியதில் சொல்ல நிறைய இருக்கிறது, அதில் பாதி வசவு.

எந்தப் பதிப்பு என்று கேட்காதீர்கள். இடது பக்கம் படம், வலது பக்கம் வாழ்க்கை, கெட்டி அட்டை, வழவழத் தாள். இந்த வகையில் வருவது எல்லாமே ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் தாள் கண்ணைக் கூசும், சாய்த்துப் பிடித்துத்தான் படிக்கணும். முதுகு பிய்ந்து ஒரு தடவை பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கினோம். எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகம், ஒரே பெரிய கண். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது முடிவுகள்.

கல்பனா சாவ்லா பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரியானாவில் கர்னாலில் பிறந்தார், விமானங்களைப் பார்த்து ஆசைப்பட்டார், பொறியியல் படித்தார், அமெரிக்கா போனார், 1997இல் கொலம்பியா விண்கலத்தில் பறந்தார். அப்புறம் கடைசி வரி, அவர் வானத்தில் நட்சத்திரமாக மின்னுகிறாராம். என் மகளுக்கு அப்போது சொன்னதை அப்படியே நம்புகிற வயது. மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போய், எந்த நட்சத்திரம், காட்டு என்றாள்.

மீதியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. 2003 ஜனவரியில் இரண்டாவது தடவை போனார். கிளம்பும்போதே எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்று பிய்ந்து வந்து இடது இறக்கையில் மோதிவிட்டது. 16 நாள் கழித்துப் பூமிக்குத் திரும்பும்போது அந்த ஓட்டை வழியாக அனல் உள்ளே புகுந்து விண்கலம் சிதறியது. ஏழு பேர் போனார்கள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "மோதினது யாருக்கும் தெரியலையாம்மா?" என்று கேட்டாள். தெரிந்தது, வீடியோவில் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் ஆகாது என்று மேலதிகாரிகள் விட்டுவிட்டார்கள் என்றேன். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! அந்தக் கோபம்தான் அவளை விண்கலம் எப்படி வேலை செய்கிறது என்று தேட வைத்தது. நட்சத்திரமாக மின்னுகிறவரைப் பற்றி மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது?

மேரி கியூரிக்கும் இதே கதிதான். 1903இலும் 1911இலும் நோபல் வாங்கினார், அவர் தந்த ஒளி இன்றும் வீசுகிறது என்று முடித்துவிட்டார்கள். ஒளி வீசுகிறதோ இல்லையோ, பாரிஸ் நூலகத்தில் ஈயப் பெட்டியில் வைத்திருக்கும் அவருடைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து கதிர் இன்னும் வீசிக்கொண்டுதான் இருக்கிறது. 1934இல் அவர் உயிரைக் குடித்த ரத்த நோய்க்கும் அந்தக் கதிர்வீச்சையே காரணமாகச் சொல்கிறார்கள். ஒரு எட்டு வயதுப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டுத் தூங்காது என்று யாரோ முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே கொதிப்பது சாவித்ரிபாய் புலே பக்கத்தில். 1848இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். போகிற வழியில் சாணியையும் மண்ணையும் வீசுவார்கள் என்று மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுபோவார். இது புத்தகத்தில் இருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். "அந்த அழுக்குப் புடவையத் தினமும் யாரு தொவைச்சாங்க?" என்று மகள் கேட்டது இன்னும் எனக்குப் பதில் தெரியாத கேள்வி. ஆனால் முடிவு? கல்வி விளக்கை ஏற்றினார், சுபம். 1897இல் பிளேக் பரவியபோது, நோய் கண்ட ஒரு சிறுவனைத் தானே தூக்கிக்கொண்டு மகனுடைய மருத்துவ முகாமுக்கு ஓடினார். பையன் பிழைத்தான். பிளேக் அவரைப் பிடித்துக்கொண்டது. இதை வெட்டிவிட்டு விளக்கு ஏற்றுகிறார்கள்!

மியான்மர் நாட்டு ஆங் சான் சூச்சி பக்கம் வேறு மாதிரித் தொல்லை. 1991 நோபல் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. 2017இல் அங்கிருந்து லட்சக்கணக்கான ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள் துரத்தப்பட்டதும், 2019இல் இவரே ஹேக் நகர நீதிமன்றத்துக்குப் போய்த் தன் நாட்டு ராணுவத்துக்காக வாதாடியதும், 2021இல் அதே ராணுவம் இவரையே பிடித்து உள்ளே வைத்ததும் எங்கே? "இவங்க நல்லவங்களா, கெட்டவங்களா?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதற்கு ஐம்பது பேரில் ஒருத்தராவது பயன்பட்டாரே என்று திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நியாயமாகவும் ஒன்று சொல்லணும். முத்துலட்சுமி ரெட்டி பக்கம் மட்டும் தப்பித்திருக்கிறது. தங்கை புற்றுநோயில் இறந்ததைச் சொல்லாமல் அடையாறு மருத்துவமனைக்கு வரவே முடியாது, அதனால் வேறு வழியில்லாமல் எழுதியிருக்கிறார்கள். தங்கை, நோய், 1954இல் 12 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தின் ஓரம் எண்ணெய்க் கறையும் மடிப்புமாகக் கிடக்கிறது. அவருடைய அம்மா தேவதாசி மரபில் வந்தவர் என்பது இல்லை. அதற்காக நான் சண்டைக்குப் போகமாட்டேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை, போன வருஷம்தான் சொன்னேன்.

இதற்கு நடுவில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மகள் ஒவ்வொரு கடைசி வரிக்குக் கீழேயும் பென்சிலால் எழுத ஆரம்பித்துவிட்டாள். கல்பனா பக்கத்தில் "2003. ஏழு பேர். மோதினது தெரியும்." சாவித்ரிபாய்க்குக் கீழே "பையன் பிழைச்சான்." சூச்சிக்குக் கீழே ஒரு கேள்விக்குறி. எங்கள் வீட்டில் இவ்வளவு புரட்டப்பட்ட புத்தகம் வேறு இல்லை.

அப்படியானால் வாங்கலாமா? வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரே ஆளைப் பற்றி முப்பது நாற்பது பக்கம் வருகிற சின்னப் புத்தகங்கள் நாலு வாங்கிவிடலாம், அதில் ஒருத்தராவது சாகும்வரை வாழ்ந்திருப்பார். இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள். காலையிலேயே ஆர்டர் போட்டுவிட்டாளாம். சரி, கல்பனா பக்கத்தையாவது முதலில் தான் படித்துவிட்டு அப்புறம் பாப்பா கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.